கையெழுத்து தரும் சாட்சி: என்ரிக்கோ டாண்டலோவும் நான்காம் சிலுவைப் போரும்

யார் நினைவாக இன்று கூடியிருக்கிறோமோ அவர், மூல ஆவணத்தைத் தேடிப் பார்க்காமல் யாரையும் குற்றவாளி ஆக்கக் கூடாது என்று எங்களுக்குக் கற்பித்த ஆசிரியர். அந்தப் பாடத்தை ஒட்டியதே என் இன்றைய பொருளும்.

வெனிஸ் குடியரசின் தலைவரான டோஜ் என்ரிக்கோ டாண்டலோவின் கதையை நீங்கள் ஓரளவு அறிவீர்கள். 1192இல் பதவிக்கு வந்தார். அப்போதே முதியவர், பார்வையற்றவர். எகிப்தை நோக்கிப் புறப்படவிருந்த சிலுவைப் படையைத் திசைதிருப்பி, 1204இல் கான்ஸ்டாண்டிநோபிளைச் சூறையாடச் செய்தவர் என்று பெயர் பெற்றார். ஏன் செய்தார் என்ற கேள்விக்கு நம் துறையில் ஒரே பதிலைத்தான் சொல்லி வருகிறார்கள்: பழைய பகை. தூது போன இடத்தில் பைசாந்தியப் பேரரசர் மானுவேல் அவர் கண்களைக் கண்ணாடியால் அழித்தார், முப்பது ஆண்டுகள் காத்திருந்து அவர் பழிதீர்த்தார் என்கிறார்கள். இந்தப் பதிலை நான் பல கருத்தரங்குகளில் மறுத்திருக்கிறேன். நேரமில்லை என்று ஒவ்வொரு முறையும் பேச்சை முடித்துவைத்தார்கள். இன்று நேரம் இருக்கிறது.

1171 மார்ச்சில் மானுவேல் தன் பேரரசு முழுவதும் இருந்த வெனிஸ் வணிகர்களை ஒரே நாளில் சிறைப்பிடித்து, அவர்கள் சொத்துகளைப் பறிமுதல் செய்தார். பதிலடிக்குப் போன வெனிஸ் கடற்படை கியோஸ் தீவில் கொள்ளைநோய்க்கு இரையானது. தோல்வியோடு திரும்பிய டோஜ் இரண்டாம் விதாலே மிக்கேல் சொந்த நகரிலேயே கொல்லப்பட்டார். டாண்டலோ கான்ஸ்டாண்டிநோபிளுக்குத் தூது போனது இந்தக் கொந்தளிப்பின் நடுவில், 1172இல். கண் பறிபோன கதை இங்கேதான் ஒட்டவைக்கப்படுகிறது.

முதல் சாட்சியாக ஆவணத்தைப் பாருங்கள். தூது முடிந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1174இல், டாண்டலோ ஓர் ஆவணத்தில் கையெழுத்திட்டிருக்கிறார். எழுத்துகள் தெளிவாக, வரிசை பிசகாமல் நிற்கின்றன. 1176இல் அவரே இட்ட இன்னொரு கையெழுத்தும் நமக்குக் கிடைக்கிறது. அதில் எழுத்துகள் வரியைவிட்டுச் சரிந்து தாள்மேல் சிதறுகின்றன. முதல் எழுத்தை எங்கே வைத்தோம், அடுத்ததை எங்கே வைக்க வேண்டும் என்பது தெரியாத கை அது. வரலாற்றாசிரியர் தாமஸ் மேடன் 2003இல் வெளியிட்ட டாண்டலோ வரலாற்று நூல் இந்த இரண்டு கையெழுத்துகளையும் அருகருகே வைத்து வாதாடுகிறது. 1172இல் கண் அழிக்கப்பட்டவர் 1174இல் தெளிவாக எழுதியது எப்படி? பழிவாங்கும் கதையைச் சொல்கிறவர்கள் முதலில் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். இன்றுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை.

இரண்டாவது சாட்சி, சிலுவைப் படையின் வரலாற்றை எழுதிய வில்ஆர்துவான். அவர் டாண்டலோவோடு பேரம் பேசியவர், ஒரே படையில் இருந்தவர். தலையில் பட்ட ஒரு காயத்தால் பார்வை போனது என்று எழுதுகிறார். கண்கள் பார்ப்பதற்கு அழகாகவே இருந்தன, ஆனால் எதுவும் தெரியவில்லை என்றும் சேர்க்கிறார். கண்ணாடியால் சுட்ட கண் அழகாக இருக்குமா? தலைக் காயத்தால் மூளை பாதிக்கப்பட்டுப் பார்வை மட்டும் மங்கினால் கண் அப்படித்தான் இருக்கும். 1174க்கும் 1176க்கும் இடையில் பார்வை குன்றியதோடு இது பொருந்துகிறது.

மூன்றாவது சாட்சி எதிர்த்தரப்பிலிருந்தே வருகிறது. கிரேக்க வரலாற்றாசிரியர் நிகேதாஸ் கோனியாதேஸ், தன் நகரம் எரிந்ததைக் கண்டவர். டாண்டலோவை அவர் வெறுத்த அளவுக்கு வெறுத்தவர் இல்லை. பேரரசர் கண்ணைப் பறித்த கதை இருந்திருந்தால் இந்தப் பகைக்குக் காரணம் காட்ட அவருக்கு அதைவிடச் சிறந்த செய்தி வேறு இருந்திருக்காது. அவர் அதைச் சொல்லவில்லை. கதை தூரத்தில், ரஷ்யாவின் நோவ்கரோத் வரலாற்றுக் குறிப்பில் தலைகாட்டுகிறது. நேரில் கண்டவர் இருவர் சொல்லாததை, தொலைவில் இருந்தவர் சொன்னதற்காக நாம் ஏற்க வேண்டுமா?

கண் அப்படிப் போகாவிட்டாலும் 1171இன் கோபம் இருந்திருக்கலாமே என்று நண்பர்கள் கேட்பார்கள். இருந்திருக்கலாம். ஆனால் டோஜ் ஆன பின் அவர் பைசாந்தியத்தோடு பேச்சு நடத்தி 1198இல் மூன்றாம் அலெக்ஸியோஸிடம் வணிகச் சலுகைப் பட்டயம் பெற்றார். பழிக்காகக் காத்திருந்தவர் செய்யும் வேலை அல்ல அது.

அப்படியானால் காரணம் எது? கணக்கு. சிலுவைப் படையை ஏற்றிச் செல்ல வெனிஸ் 1201இல் செய்த ஒப்பந்தப்படி 4,500 குதிரைகள், 4,500 வீரப்பிரபுக்கள், 9,000 உதவியாளர்கள், 20,000 காலாட்கள். குதிரைக்கு நான்கு மார்க், ஆளுக்கு இரண்டு மார்க். மொத்தம் 85,000 வெள்ளி மார்க். வெனிஸ் தன் வெளிவணிகத்தை நிறுத்திக் கப்பல் கட்டியது. கப்பலுக்கு ஆள் தேர்ந்தெடுக்க மெழுகு உருண்டைகளைக் கொண்டு சீட்டுப் போட்டதாக அந்தப் படையிலிருந்த ராபர்ட் தெ கிளாரி எழுதுகிறார். 1202இல் வந்த படையோ எதிர்பார்த்ததில் மூன்றில் ஒரு பங்கே. 34,000 மார்க் பாக்கி. சாரா நகர முற்றுகையும், அரியணையை மீட்க உதவினால் தருவதாக நாடிழந்த பைசாந்திய இளவரசன் அலெக்ஸியோஸ் வாக்களித்த 200,000 மார்க்கும் இந்தக் கடனிலிருந்து பிறந்தவை. டோஜ் அரசரும் அல்லர். பதவியேற்பு உறுதிமொழி அவர் கையைக் கட்டியிருந்தது. 1201 ஒப்பந்தத்தையே அவர் பல அவைகள் வழியாக, கடைசியில் புனித மாற்கு தேவாலயத்தில் கூடிய மக்கள் முன் வைத்து ஒப்புதல் பெற்றார்.

டாண்டலோ குற்றமற்றவர் என்று நான் வாதாடவில்லை. திருத்தந்தை தடுத்தும் சாராவைத் தாக்கியதற்கும், 1204 ஏப்ரலில் நடந்த சூறைக்கும் அவர் பொறுப்பாளி. 1203இல் புனித மாற்குவின் கொடியை முன்னே நாட்டித் தன் கப்பலைக் கரையேற்றச் சொன்னவரும் அவரே. என் மறுப்பு, அவர் நோக்கமாகச் சொல்லப்படும் கதைக்கு மட்டும்.

அவர் வெளியிட்ட கிரோஸ்ஸோ வெள்ளி நாணயம், கிரீட் தீவை ஆயிரம் மார்க்குக்கு வாங்கியது, 1205இல் ஹாகியா சோபியாவில் அடக்கமானது ஆகியவை பற்றி விரிவாகப் பேச இங்கே இடமில்லை. செய்ய வேண்டிய வேலைகளை மட்டும் சொல்லிவிடுகிறேன். வில்ஆர்துவானையும் கோனியாதேஸையும் ஒரே நிகழ்ச்சிக்கு எதிரெதிராக வைத்துத் தமிழில் மொழிபெயர்க்கலாம். கிரோஸ்ஸோ நாணயம் சிலுவைப் படையின் வெள்ளி வந்த பிறகு பெருகியதா, முன்பேயா என்பதை நாணயவியல் மாணவர் ஒருவர் ஆராயலாம். அலெக்சாந்திரியா வழியாக வெனிஸுக்குப் போன மலபார் மிளகின் கணக்கு கெய்ரோ ஜெனீசா கடிதங்களில் எவ்வளவு கிடைக்கிறது என்று இந்தியக் கடல் வணிகம் படிப்பவர்கள் பார்க்கலாம். டாண்டலோ போருக்குப் போனபோது நகரை ஆண்ட அவர் மகன் ரானியேரி பற்றித் தனியே ஓர் ஆய்வு வேண்டும்.