நெடுநாள் கிடந்த ஸ்கூட்டர்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இசையும் இலக்கியமும் மணக்கும் இம்மேடையில் ஸ்கூட்டரைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும், பிழைப்பின் பொருட்டுத் தாயகம் விட்டு வந்த நம் குடும்பங்களுக்குப் பள்ளிக்கும் சந்தைக்கும் இரவுப் பணிக்கும் துணைநின்றது அவ்வண்டியே. பஜாஜ் நிறுவனத்தார் 1972-ஆம் ஆண்டில் வெளியிட்ட சேத்தக், மகாராணா பிரதாபரின் குதிரையின் பெயரைத் தாங்கியது. பதிவு செய்து ஆண்டுக்கணக்கில் காத்திருந்து அதனைப் பெற்றோர் பலர். இன்று அப்பெயரில் வருவது மின்சார வண்டி. பழைய வண்டிகளோ மாடிப்படியின் கீழ்த் தூசி படிந்து கிடக்கின்றன.

அத்தகைய வண்டி ஒன்று நம் குடியிருப்பில் ஆறு ஆண்டுகள் கிடந்தது. உரியவர் காலமாகிவிட்டார். பழைய இரும்புக்காரர் வந்து விலை பேசினார். காலமானவரின் துணைவியாரோ, தம் மகன் தந்தையின் வண்டியிலேயே வேலைக்குச் செல்லவேண்டும் என விரும்பினார். நம்மில் நால்வர் ஞாயிறுதோறும் கூடி அதனைச் சீர்செய்ய முற்பட்டோம்.

ஓடித் தேய்ந்த வண்டியைக் காட்டிலும் கிடந்து கெட்ட வண்டிக்கே வேலை மிகுதி. பாதுகாப்பென்று கருதிப் போர்த்திய பிளாஸ்டிக் தாள் ஈரத்தை உள்ளேயே அடக்கிவிட்டது. டாங்கில் விட்டுவைத்த பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைத்திருந்தது. இக்காலப் பெட்ரோலில் கலக்கும் எத்தனால் ஈரத்தை ஈர்ப்பதால் டாங்கும் துருவேறும்.

இந்நிலையில் கிக்கரை ஓங்கி மிதித்தல் கூடாது. துருப்பிடித்த சிலிண்டரில் பிஸ்டன் வளையங்கள் சிக்கி உடையக்கூடும். ஆகவே, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அத்துளை வழியே சிறிது எண்ணெய் விட்டு, ஓர் இரவு ஊறவைத்தோம். மறுநாள் கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் மெல்ல அசைத்தோம், எஞ்சின் சுழன்றது. பழைய பெட்ரோலைத் திறந்த வெளியில், அடுப்புக்கும் பீடிக்கும் எட்டாத தொலைவில் வடித்தோம். டாங்கைக் கழுவி, கார்புரேட்டரைப் பிரித்துத் துப்புரவு செய்தோம். காற்று வடிகட்டியில் எலி கூடு கட்டியிருந்தது. இறுகிப்போன கேபிள்களையும் பெட்ரோல் குழாயையும் மாற்றினோம். கியர் எண்ணெயைப் புதிதாக ஊற்றி, லிட்டருக்கு 20 மில்லி வீதம் எண்ணெய் கலந்த புதுப் பெட்ரோலை நிரப்பினோம்.

நான்காம் ஞாயிறன்று எஞ்சின் ஓடத் தொடங்கியது. ஆனால் வெண்புகை நிற்கவில்லை. உள்ளிருக்கும் ஆயில் சீல் காய்ந்துபோனால் கியர் எண்ணெய் எஞ்சினுக்குள் கசிந்து அவ்வாறு புகையும். அதனைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் ஒப்படைத்தோம்.

எஞ்சின் ஓடினாலே வண்டி ஆயத்தமாகிவிட்டதென்று கொள்ளலாகாது. அப்பிள்ளை அன்றே ஏறிச் செல்லத் துடித்தான். நாம் சாவியைக் கொடுக்கவில்லை. டயரின் மேற்பரப்பு தேயாமல் இருந்தும், பக்கங்கள் வெடித்திருந்தன. பிரேக் ஷூக்களும் பிடிக்கவில்லை. தந்தையை இழந்த வீட்டில் மற்றோர் இழப்பு நேர நாம் காரணமாகலாமா? இரண்டையும் மாற்றிய பின்னும், பதிவுச் சான்றுக்காகக் காத்திருந்தோம். சொந்த வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். பிறகு சோதனைக்கு உட்படுத்திப் புதுப்பிக்கவேண்டும். வாரிசின் பெயருக்கு மாற்றமும், காப்புறுதியும், புகைச் சான்றும் இன்றியமையாதவை. பழைய வண்டிகளுக்குச் சில நகரங்களில் தனி விதிகள் உண்டாகையால், செலவிடுமுன் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிதல் நலம்.

இன்று அவ்வண்டி நாள்தோறும் நம் கண்முன் ஓடுகிறது.

நீண்ட விடுப்பில் ஊர் செல்லும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: டாங்கை வடித்து, கார்புரேட்டர் வற்றும்வரை எஞ்சினை ஓடவிட்டு, துணியால் மூடிச் செல்லுங்கள். அரைமணி நேர உழைப்பு, பின்னர்ப் பல ஞாயிறுகளை மிச்சப்படுத்தும்.