பட்டம் பெறுமுன் கற்க வேண்டுவன



மின்பொறியியல் பயில்வோர் பட்டம் பெறுமுன் எவற்றைக் கற்றல் வேண்டும்? நான் பொறியாளன் அல்லேன். பல்லாண்டுகள் பள்ளியில் பாடம் சொன்னவன். ஆயினும் இக்கேள்விக்கு விடை கூறும் பாடநூல் ஒன்று எங்கள் கமுதிச் சீமையிலேயே விரிந்து கிடக்கிறது. வானம் பார்த்த இந்தப் பூமியில், 2016-ஆம் ஆண்டு, 648 மெகாவாட் திறனுள்ள சூரிய மின்நிலையம் அமைந்தது. ஏறத்தாழ 10 சதுர கிலோமீட்டர் பரப்பில் சுமார் 25 இலட்சம் பலகைகள் அங்கே வெயிலை ஏந்தி நிற்கின்றன.

முதலாவது, கணக்கிட்டுத் தெளியும் பழக்கம். 648 மெகாவாட்டை 25 இலட்சத்தால் வகுத்துப் பாருங்கள். பலகை ஒன்றுக்குச் சுமார் 259 வாட் வரும். அது பலகையின் வெப்பம் 25 டிகிரியாக இருக்கையில் கிடைக்கும் அளவு. வெயில் கடுமையானால் மின்சாரமும் பெருகும் என்று பலர் எண்ணுவர். ஒளி மிகுந்தால் பெருகும். வெப்பம் மிகுந்தாலோ குறையும். சிலிக்கன் பலகை ஒரு டிகிரிக்கு நூற்றில் ஏறத்தாழ 0.4 பங்கு திறனை இழக்கிறது. நடுப்பகலில் அது 60 டிகிரி சூடேறினால் நூற்றுக்கு 14 பங்கு போய்விடும். 259 வாட் 223 வாட்டாகும்.

இரண்டாவது, ஏன் என்று வினவும் பழக்கம். மின்சாரத்தை 400 கிலோவோல்ட்டுக்கு உயர்த்தி அனுப்புவானேன்? அழுத்தம் பத்து மடங்கானால் அதே திறனுக்கு மின்னோட்டம் பத்தில் ஒன்றாகும். கம்பியில் வெப்பமாய் வீணாவது நூற்றில் ஒன்றாகும்.

மூன்றாவது, உயிர்காக்கும் அறிவு. வீட்டு மின்சாரம் மாறுதிசையினது. வினாடிக்கு நூறு முறை சுழியைத் தொடும். ஆகவே இணைப்பைத் துண்டிக்கையில் எழும் பொறி எளிதில் அணையும். பலகை தருவதோ நேர்திசை மின்னோட்டம். அது சுழியைத் தொடுவதில்லை. பொறி நீண்டு நின்று எரியக்கூடும். மேலும், சுவிட்சை அணைத்த பின்னும், பகலொளி படும்வரை பலகையில் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். ஆதலால் சுவிட்சை மட்டும் நம்பாது, கருவி கொண்டு அளந்த பின்னரே கை வைத்தல் வேண்டும்.

நான்காவது, இவற்றைத் தெளிந்த தமிழில் எடுத்துரைக்கும் ஆற்றல். பலகையைத் துடைப்பவரும் கம்பி இழுப்பவரும் நம் ஊர் மக்கள். தாம் அறிந்த அபாயத்தை அவர்களுக்கு விளங்கும்படி சொல்ல இயலாத பொறியாளரின் படிப்பு, அவர்கள் உயிரைக் காக்க உதவாது.

தேர்வுக்கு முன் இந்நான்கையும் பழகிக்கொள்ளுங்கள்.