தமிழ் படித்தவர்க்குக் கணினியிடத்தே உள்ள வேலை
(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற மழைக்காலத்தில் நம் திங்கள் கூட்டம் முடிந்து படியிறங்கும்போது, வட்டத்தின் இளங்கவிஞர் ஒருவர் என்னை நிறுத்தினார். இளங்கலைத் தமிழ் முடித்தவர், துணிக்கடையில் கணக்கெழுதுகிறவர். "ஐயா, தமிழ் படித்தது தவறாகிவிட்டதா?" என்று கேட்டார். ஏதோ ஆறுதல் கூறி அனுப்பிவிட்டேன். அது விடையாகாது என்பது வீடு சேருமுன்பே எனக்குத் தெரிந்தது. அன்று சொல்லத் தவறியதை இன்று சொல்ல முயல்கிறேன்.

மொழியியல் நாம் அறிந்த துறை. மனிதரை மையமாகக் கொண்ட கணினியியல் என்று இன்னொரு துறை வளர்ந்திருக்கிறது. பொறிக்கு எது எளிது என்று கேளாமல், அதைக் கையாளும் மனிதர்க்கு எது இயல்பு என்று கேட்பது அது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் தமிழ் கற்றவனுக்கு வேலை காத்திருக்கிறது.

'கௌ' என்னும் எழுத்தைப் பாருங்கள். நம்மில் பலர் 'கெ' தட்டி, அருகே ளகரத்தைத் தட்டிவிடுகிறோம். கண்ணுக்கு வேறுபாடு தெரிவதில்லை. கணினிக்கோ அவை இரு வேறு கோவைகள். 'கௌரவம்' என்று தேடுகிறவனுக்கு மற்றவ்வாறு தட்டிய பக்கம் அகப்படாமல் போகலாம். (நம் மலரின் அச்சுப்படியிலும் இப்பிழை இருந்தது; திருத்தியவன் நான்தான்.) 'கொ' என்பது நமக்கு ஓர் உயிர்மெய், ஒருங்குறியில் அது இரண்டு குறியீடுகள். அழிக்கும் விசையை ஒருமுறை தட்டினால் பல கருவிகளில் கொம்பும் காலும் போய்க் ககரம் மட்டும் எஞ்சும். எழுதுகிறவர் எதை ஓர் எழுத்தாகக் கருதுகிறார்? இதற்கு விடை காண, மக்கள் தட்டெழுதும்போது அருகே அமர்ந்து பார்க்க வேண்டும். அவ்வாறு பார்ப்பதே ஆய்வு.

பார்வையற்றோர்க்கு நூலைப் படித்துக் காட்டும் மென்பொருளையும் எண்ணிப் பாருங்கள். கல், அகம், தங்கம் ஆகிய மூன்றிலும் எழுத்து ஒன்றே, ஒலி வேறு. எழுத்து நிற்கும் இடம் நோக்கி ஒலி மாறும் என்பதைப் பொறிக்குக் கற்பித்துவிடலாம். 'காந்தி' என்ற பெயர் வந்ததும் அவ்விதி உடைகிறது. 'பலகை' என்பது மரப்பலகையா, பல கைகளா? வட்டார வழக்கில் ஒருவர் பேசினால் பொறி எதை எழுத வேண்டும்? நுண்ணிய செவி படைத்த கவிஞர்கள் இல்லாமலேயே இவ்வினாக்களுக்கு இன்று விடை எழுதப்படுகிறது. எனக்கு மனத்தாங்கல் அதுதான்.

எங்கே படிப்பது? அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் உயராய்வு மையம் உண்டு. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் கோவை பாரதியாரிலும் மொழியியல் துறைகள் உள்ளன. முதுகலை மொழியியலுக்குப் பெரும்பாலும் தமிழ்ப் பட்டமே போதும். மைசூரில் 1969இல் தொடங்கப்பெற்ற இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் இருக்கிறது. தேசியத் தகுதித் தேர்வில் மொழியியல் தனிப்பாடம். அதில் உயர்ந்த இடம் பெறுவோர்க்கு ஆய்வு உதவித்தொகை கிடைக்கும். பொறியியலார்க்கே உரியதென்று நாம் எண்ணியிருந்த கேட் தேர்விலும் 2021 முதல் மானுடவியல் தாள் சேர்ந்து, அதில் மொழியியலும் ஒரு பிரிவாயிற்று. பள்ளியில் கணிதம் பயின்ற பிள்ளைகளுக்கு ஐதராபாத்தின் பன்னாட்டுத் தகவல் தொழில்நுட்ப நிறுவனம் கணினியியலையும் கணினி மொழியியலையும் ஒரே படிப்பில் தருகிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் 2022இல் தொடங்கிய நிலேகனி மையம் இந்திய மொழிகளின் பேச்சைத் திரட்டி ஆய்கிறது. கடல் கடந்தால், அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்ப நிறுவனம் மனித மையக் கணினியியல் என்ற பெயரிலேயே முனைவர் பட்டம் வழங்குகிறது.

கதவுகள் அகலத் திறந்திருக்கின்றன என்று நான் பொய் சொல்லமாட்டேன். ஆங்கிலம் வேண்டும், புள்ளியியலும் ஓரளவு நிரலெழுத்தும் வேண்டும். ஆசிரியப் பணியிடங்கள் குறைவு. குடும்பம் இரண்டாண்டு பொறுக்க வேண்டும். துணிக்கடைச் சம்பளத்தை நம்பியிருக்கும் வீட்டுக்கு அது சிறிய சுமையன்று. உதவித்தொகைத் தேர்வை முதலில் குறிவைக்கச் சொல்வது அதனால்தான்.

அந்த இளங்கவிஞர் இப்போது பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார். பழைய வினாத்தாள்கள் சிலவற்றைத் திரட்டி வைத்திருக்கிறேன். ஞாயிறன்று கடை விடுமுறைதானே? வீட்டுக்கு வாருங்கள் தம்பி. இருவரும் சேர்ந்து ஒன்றை எழுதிப் பார்ப்போம்.