விடுப்புக்கு முந்தைய எட்டு வாரங்கள்

(ராமநாதபுரம் மாவட்டத்தில் பெண் பணியாளர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உங்களில் பல பேர் வெளி மாவட்டத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள். அம்மா வீடு ஒரு ஊர், வீட்டுக்காரர் வேலை ஒரு ஊர், உங்கள் அலுவலகம் மண்டபத்திலோ திருப்புல்லாணியிலோ. மனசு விட்டுப் பேசப் பக்கத்தில் ஆள் கிடையாது, கைபேசிதான் துணை. ஒரு பக்கம் "மார்ச்சுக்குள்ள முடிச்சுக் குடுத்துட்டுப் போங்கம்மா" என்று மேலிடம். இன்னொரு பக்கம் கல்லூரித் தோழிகளின் வாட்ஸ்அப் குழு. இரண்டுக்கும் நடுவில், பிரசவத்துக்கு முந்தைய வாரங்களை எப்படி ஓட்டுவது என்பதுதான் இன்றைய பேச்சு.

தமிழ்நாடு அரசுப் பணியில் மகப்பேறு விடுப்பு 2011-இல் 6 மாதமாகவும், 2016-இல் 9 மாதமாகவும், 2021 ஜூலை 1 முதல் 12 மாதமாகவும் உயர்ந்தது. தனியார் நிறுவனங்களில் 12 வாரமாக இருந்தது, 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். அதில் 8 வாரம் வரை முன்கூட்டியே எடுக்கலாம். அரசுப் பணியாளர் பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தன் விருப்பப்படி பிரித்துக்கொள்ளலாம்.

அந்த விருப்பத்தில்தான் நாம் சறுக்குகிறோம். "முன்னாடி எடுத்தா பின்னாடி பிள்ளையோட இருக்கிற நாள் குறையுமே" என்று வலி வருகிற நாள் வரை நாற்காலியை விடுவதில்லை. கணக்கு சரிதான். ஆனால் ராமேசுவரத்திலிருந்து ராமநாதபுரம் சுமார் 55 கிலோமீட்டர், நடுவில் கடல். ஆடி அமாவாசை, தை அமாவாசை நாள்களில் அந்தச் சாலையில் வண்டிகள் எப்படி நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். எனவே கடைசி வேலை நாளை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். நிலுவைக் கோப்பைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

கோப்புகளை என்ன செய்வது? இங்கேதான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். ஒரு கிராம நிர்வாக அலுவலரை எடுத்துக்கொள்வோம். இ-சேவை மையத்தில் ஒரு மீனவர் தன் மகளுக்குச் சாதிச் சான்றும் முதல் பட்டதாரிச் சான்றும் கேட்டு விண்ணப்பிக்கிறார். அது கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று படிப்படியாக மேலே போக வேண்டும். நீங்கள் விடுப்பில் போன அன்றைக்கு உங்கள் கணக்கிலேயே அது தங்கிவிட்டால், கல்லூரிச் சேர்க்கைக்கு அந்தப் பெண் எதைக் காட்டுவாள்? ஆகவே கடைசி வாரத்தில் எல்லாவற்றையும் முடிக்கப் பார்ப்பதைவிட, ஒரு மாதம் முன்பே நிலுவைப் பட்டியல் எழுதி, கூடுதல் பொறுப்பு யாருக்கு என்று எழுத்துப்பூர்வமாக உத்தரவு கேளுங்கள். வாய்மொழியாக "அவர் பாத்துக்குவாரு" என்றால், பார்க்க மாட்டார்!

நல்ல மனசோடு செய்கிற ஒரு வேலை உண்டு. கடவுச்சொல்லைச் சீட்டில் எழுதிச் சக ஊழியரிடம் கொடுப்பது, ஓடிபி வந்தால் வீட்டிலிருந்தே சொல்வது. செய்யாதீர்கள். உங்கள் பெயரில் போகும் ஒப்புதலுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும், பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாலும்.

இனி அந்த வாட்ஸ்அப் குழு. அதை விட்டு வெளியே வாருங்கள் என்று சொல்ல மாட்டேன். ராத்திரி தூக்கம் வராத நேரத்தில் "எனக்கும் இப்படித்தான்டி இருந்துச்சு" என்று ஒருத்தி சொன்னால், அது பெரிய ஆறுதல். ஆனால் தலைவலி, பார்வை மங்கல், முகம் கை வீக்கம், குழந்தையின் அசைவு குறைவது, ரத்தக்கசிவு, இந்த ஐந்தையும் குழுவில் போட்டுப் பதிலுக்குக் காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனை, வண்டி இல்லையென்றால் 108. கோயம்புத்தூர்த் தோழி அனுப்பும் மாத்திரைப் படம் அவளுக்கு எழுதிக் கொடுத்தது, உங்களுக்கு அல்ல. குழுவில் அறுபது பேர் இருக்கலாம். நள்ளிரவில் உங்கள் வீட்டுக்கு வரக்கூடிய ஒருவர் தெருவில் வேண்டும். பகுதிச் செவிலியர் எண்ணையும் பக்கத்து வீட்டு அக்கா எண்ணையும் இன்றே பதிந்துகொள்ளுங்கள்.

"மகப்பேறு நிதி வந்திருக்கு, ஓடிபி சொல்லுங்க" என்று யாராவது அழைத்தால் துண்டித்துவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-இல் புகார் செய்யுங்கள்.

விடுப்பே இல்லாதவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாம்பன் சின்னப்பாலத்தில் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்கள் யாரிடம் விடுப்புக் கடிதம் கொடுப்பார்கள்? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் ரொக்கம் 14,000 ரூபாய், ஊட்டச்சத்துப் பெட்டகங்கள் 4,000 ரூபாய் மதிப்பில், ஆக 18,000 ரூபாய். அவர்களைப் பொறுத்தவரை அதுதான் ஓய்வுக் காலச் சம்பளம். அதற்கு முதல் படி கர்ப்பத்தைப் பதிவு செய்து பிக்மி எண் வாங்குவது. குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண்ணைக் கேட்பார்கள். நீங்கள் வாங்கும்போது, பாசி எடுக்கப் போகும் உங்கள் தெருப் பெண்ணிடமும் "பதிஞ்சிட்டியாம்மா?" என்று கேளுங்கள். பதிவு செய்யத் தெரியாதென்றால் கூட்டிக்கொண்டே போய்விடுங்கள்.

இனி உங்கள் கேள்விகள். கர்ப்பிணிகள் எழுந்து நிற்க வேண்டாம், உட்கார்ந்தபடியே கேளுங்கள். மைக் உங்களிடம் வரும்.