ஓர்கோவின் சட்டையில் இருந்த எழுத்து



அனிமேஷன் தொழிலில் சாதித்த யாரையாவது பற்றிப் பேசுங்கள் என்று, இந்தப் பட்டமளிப்பு விழாவுக்கு அழைத்த உங்கள் கல்லூரி முதல்வர் கேட்டுக்கொண்டார். நான் பிடித்து வந்திருக்கும் ஆள் கொஞ்சம் வில்லங்கமானவர். சென்னையிலும் மணிலாவிலும் சியோலிலும் லைட் பாக்ஸ் முன்னால் குனிந்தே முதுகு வளைந்துபோன என் தலைமுறைக்கு வேலை போய்ச் சேரக் கூடாது என்பதில் கடைசிவரை பிடிவாதமாக இருந்தவர். பெயர் லூ ஷைமர். அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு கார்ட்டூன் தயாரித்த ஃபில்மேஷன் ஸ்டுடியோவை நிறுவியவர்.

பெயரைச் சொன்னால் உங்களுக்குத் தெரியாது. பின்வரிசையில் இருக்கும் உங்கள் அப்பா அம்மாவுக்கு வேறு பெயர் சொன்னால் தெரியும்: அந்த ஸ்டுடியோவின் கார்ட்டூன் நாயகன் ஹீ-மேன். தூர்தர்ஷனில் அது வந்த நாட்களில், தென்னை மட்டையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக் கத்தாத பையன் எங்கள் தெருவில் கிடையாது. ஆங்கிலம் ஒரு வரிகூடப் புரியாது. அந்த ஒரு கத்தல் மட்டும் எல்லோருக்கும் மனப்பாடம்.

ஷைமர் 1928ல் பிட்ஸ்பர்க்கில் பிறந்தார். அந்த ஊரின் கார்னகி தொழில்நுட்பக் கழகத்தில் ஓவியம் படித்தார். லாஸ் ஏஞ்சல்ஸ் போய் ஹன்னா-பார்பெரா உள்பட பல இடங்களில் பின்னணி ஓவியம், லேஅவுட் என்று கிடைத்த வேலையைச் செய்தார். 1960களின் தொடக்கத்தில் ஹால் சதர்லண்ட் என்ற இயக்குநரோடு சேர்ந்து தனிக் கடை போட்டார். வானொலியில் டிஸ்க் ஜாக்கியாக இருந்த நார்ம் பிரெஸ்காட்டும் வந்து சேர்ந்துகொண்டார். ஃபிலிமையும் அனிமேஷனையும் ஒட்டிப் பெயர் வைத்தார்கள். விளம்பரப் படங்கள், அரைகுறையாக நின்ற ஒரு முழுநீளப் படம் என்று காலம் ஓடியது. மேசைகள் இருந்தன. உட்கார ஆள் இல்லை, கொடுக்கச் சம்பளமும் இல்லை.

அப்போதுதான் சூப்பர்மேனைத் தொலைக்காட்சித் தொடராக எடுக்கும் வாய்ப்பு வந்தது. காமிக்ஸ் உரிமையாளர்கள் தரப்பிலிருந்து ஸ்டுடியோவைப் பார்வையிட ஒருவர் வருகிறார் என்று தகவல். ஷைமர் என்ன செய்தார் தெரியுமா? ஊரில் இருந்த அனிமேட்டர் நண்பர்களுக்கெல்லாம் போன் போட்டார். வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போங்கள் என்றார். வந்தவர் கண்ணுக்கு எல்லா மேசையிலும் தலைகள் குனிந்திருந்தன, பென்சில்கள் ஓடிக்கொண்டிருந்தன. வேலை கிடைத்துவிட்டது. 1966 செப்டம்பரில் சிபிஎஸ் தொலைக்காட்சியில் சூப்பர்மேன் பறக்கத் தொடங்கினார். நம் ஊரில் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் பக்கத்து வீட்டு சோபாவைத் தூக்கி வந்து போடுவோமே, அந்த ரகம். இந்தக் கதையை ஷைமர் பிற்காலத்தில் சிரித்துக்கொண்டே சொல்வார். அவருக்கு அதில் வெட்கம் இருந்ததாகத் தெரியவில்லை. எனக்கும் தவறாகப் படவில்லை. அன்றைக்குப் பொய்யாக நிரம்பிய அந்த மேசைகளை அடுத்த இருபது வருஷம் உண்மையாகவே நிரப்பி வைத்திருந்தாரே.

1968ல் ஆர்ச்சி, 1972ல் ஃபேட் ஆல்பர்ட், 1973ல் அனிமேஷன் ஸ்டார் டிரெக் என்று தொடர்கள் வரிசையாக வந்தன. ஸ்டார் டிரெக் 22 அத்தியாயம்தான். 1975ல் குழந்தைகள் தொடருக்கான எம்மி விருது வாங்கியது. அதில் ஒரு சங்கதி இருக்கிறது. செலவைக் குறைக்க, நடிகர்கள் நேரில் நடித்த பழைய ஸ்டார் டிரெக் தொடரின் எல்லா நடிகர்களையும் குரல் கொடுக்க அழைக்கவில்லை. உஹுரா, சுலு என்ற பாத்திரங்களுக்கு வேறு ஆட்களை வைத்துச் சமாளிக்கலாம் என்று திட்டம். ஸ்பாக்காக நடித்த லியனார்ட் நிமாய், அந்தப் பாத்திரங்களில் நடித்த நிஷெல் நிக்கல்ஸும் ஜார்ஜ் டக்கேயும் இல்லாவிட்டால் நானும் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஒரு தொடரில் கறுப்பினப் பெண்ணும் ஆசிய ஆணும் மட்டும் கழிபட்டுப் போவது என்ன நியாயம் என்பது அவர் வாதம். ஃபில்மேஷன் இறங்கி வந்தது. சிக்கனம் எந்த இடத்தில் அநியாயமாகிறது என்பதை அந்த ஸ்டுடியோவுக்கு வெளியிலிருந்து ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது.

சிக்கனம் என்றேன். ஃபில்மேஷனைத் திட்டியவர்கள் எல்லோரும் அந்தச் சிக்கனத்தைத்தான் திட்டினார்கள்.

இந்தக் கல்லூரியில் நான்கு வருஷம் இருந்தவர்களுக்குக் கணக்கு தெரியும். நொடிக்கு 24 ஃபிரேம். ஒரு படத்தை இரண்டு ஃபிரேம் நிறுத்தினாலும் நொடிக்கு 12 படம். 22 நிமிட அத்தியாயத்துக்கு 15,840 படம். எல்லாவற்றையும் கையால் வரைந்து, செல் எனப்படும் கண்ணாடித் தாளில் பிரதி எடுத்து, பின்பக்கம் வண்ணம் பூசி, கேமரா அடியில் வைத்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். ஷைமர் இதற்குக் கண்டுபிடித்த வழி ஒரு நூலகம். நாயகன் ஓடுவது, திரும்புவது, கேமராவை நோக்கிக் குத்துவது, அண்ணாந்து பார்ப்பது, எல்லாவற்றையும் ஒரு முறை நன்றாக வரைந்து, எண் போட்டு அடுக்கி வைத்துவிடுவார்கள். அடுத்த அத்தியாயத்தில் ஹீ-மேன் ஓட வேண்டுமா? எண்ணைச் சொல்லி எடு, பின்னணியை மாற்று, முடிந்தது. அந்த ஒரு முறை வரைவதற்குப் பணத்தைக் கணக்குப் பார்க்காமல் செலவழிப்பார்கள். நிஜ மனிதரை நடிக்க வைத்துப் படம் பிடித்து, அதன் மேல் வரைந்து எடுத்த அசைவுகளும் அதில் உண்டு. ஆகவே ஃபில்மேஷன் தொடர்களில் ஒரு விசித்திரம் காண்பீர்கள். ஓடும்போது அற்புதமாக ஓடுவார்கள். நின்று பேசினால் வாய் மட்டும் அசையும், உடம்பு மரப்பாச்சி.

இந்தச் சிக்கன மூளை எவ்வளவு தூரம் வேலை செய்தது என்பதற்கு ஓர்கோவைப் பாருங்கள். ஹீ-மேனில் காற்றில் மிதந்து வரும் குட்டி மந்திரவாதி. தொப்பியும் கழுத்துத் துணியும் முகத்தை மூடியிருக்கும், கண் மட்டும்தான் தெரியும். வாய் தெரியாததால் லிப் சிங்க் வேலை மிச்சம். கால் தெரியாமல் மிதப்பதால் நடை வரைய வேண்டியதில்லை. முதலில் அவனுக்கு கோர்போ என்று பெயர் வைத்தார்கள். சட்டையில் அந்தப் பெயரின் முதல் ஆங்கில எழுத்தைப் போட வேண்டும். அங்கேதான் சிக்கல். இடப் பக்கம் பார்க்கிற படத்தைத் திருப்பிப் போட்டு வலப் பக்கம் பார்க்கிற படமாகப் பயன்படுத்தினால் ‘ஜி’ இடவலம் மாறித் தெரியும். ‘ஓ’ என்றால் வெறும் வட்டம், எப்படித் திருப்பினாலும் வட்டம். பெயரே ஓர்கோ ஆகிவிட்டது. ஓர் எழுத்தை மாற்றிப் பாதி வரைவேலையைக் குறைத்த அந்தப் புத்திசாலித்தனத்தை எந்த விருதுக் குழுவும் பார்க்கவில்லை. ஓர்கோவுக்குக் குரல் கொடுத்தது யார்? ஷைமரேதான். அதிலும் ஓர் ஆள் சம்பளம் மிச்சம்.

மிச்சம் பிடித்த பணம் எங்கே போனது என்பதுதான் நான் உங்களிடம் பேச வந்த விஷயம். 1970களின் கடைசியில் அமெரிக்க ஸ்டுடியோக்கள் ஒவ்வொன்றாகத் தங்கள் வரைவேலையைக் கடல் தாண்டி அனுப்பத் தொடங்கின. தைபே, சியோல், மணிலா. அங்கே கூலி குறைவு. லாஸ் ஏஞ்சல்ஸில் கதையும் ஸ்டோரிபோர்டும் மட்டும் மிஞ்சின. அனிமேட்டர்களும் செல்லில் வண்ணம் பூசுகிறவர்களும் வீட்டுக்குப் போனார்கள். 1982ல் அவர்களுடைய சங்கம் இதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தது, தோற்றது. ஷைமர் மட்டும் அனுப்ப மாட்டேன் என்று நின்றார். 1981ல் ஸோரோ தொடரை டோக்கியோ ஸ்டுடியோ ஒன்றுக்குக் கொடுத்தார். விதிவிலக்கு அந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் உள்ளூரில். உள்ளூர்ச் சம்பளம் கொடுத்து வெளியூர் விலைக்கு விற்க வேண்டுமென்றால் ஒரே ஓட்டத்தை நூறு முறை காட்டித்தான் ஆக வேண்டும். ஹீ-மேன் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி ஓடியதால் யாரோ ஒரு வண்ணம் பூசும் பெண்மணி தன் வீட்டுக்கடனைக் கட்டினார். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த ஓட்டத்தைக் கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை.

1983ல் வந்த ஹீ-மேன் பெரிய சூதாட்டம். நெட்வொர்க் தயவு வேண்டாம் என்று ஊர் ஊராக உள்ளூர் நிலையங்களுக்கே நேரடியாகத் தொடரை விற்றார்கள். சனிக்கிழமை காலைத் தொடர் என்றால் பத்துப் பதினைந்து அத்தியாயம் போதும். இது வாரம் ஐந்து நாள். ஆகவே ஒரே பருவத்துக்கு 65 அத்தியாயம். படத்துக்குப் படம் வரைந்தால் பத்து லட்சத்தைத் தாண்டும். நூலகம் இல்லாமல் இதை நினைத்துக்கூடப் பார்த்திருக்க முடியாது. இரண்டு பருவத்தில் 130 அத்தியாயம், பின்னாலேயே ஷீ-ரா 93. மேட்டல் நிறுவனத்தின் பொம்மையை விற்க எடுத்த அரை மணி நேர விளம்பரம் என்று குழந்தைகள் நல அமைப்புகள் சாடின. அந்தச் சாடலில் நியாயம் இருந்தது. ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசியிலும் ஒரு நீதி சொல்லிவிட்டால் அது கழிந்துவிடாது. ஆனால் அங்கே மேசையில் உட்கார்ந்தவர்கள் யார் யார் என்று பாருங்கள். பின்னாளில் பேட்மேன் அனிமேஷன் தொடரால் பெயர் வாங்கிய புரூஸ் டிம், பால் டினி, பாபிலான் 5 எழுதிய ஸ்ட்ராசின்ஸ்கி. தொழில் உள்ளூரில் இருந்ததால் கற்றுக்கொள்ளவும் உள்ளூரில் ஓர் இடம் இருந்தது.

இனி முடிவுக்கு வருகிறேன். ஃபில்மேஷன் 1969லேயே பெரிய நிறுவனம் ஒன்றின் கைக்குப் போயிருந்தது. பிறகு வெஸ்டிங்ஹவுஸ் வாங்கியது. 1989ல் லோரியால் சார்ந்த முதலீட்டுக் குழுவுக்கு விற்றார்கள். ஆம், ஷாம்பூ விற்கிற லோரியால்தான். வாங்கியவர்களுக்குத் தேவைப்பட்டது எடுத்து முடித்த படங்களின் சேகரிப்பு மட்டும். அதையும் நூலகம் என்றுதான் சொல்வார்கள். எண் போட்டு அடுக்கிய ஒரு நூலகம் அந்த ஸ்டுடியோவை இருபது வருஷம் வாழ வைத்தது. இன்னொரு நூலகம் அதைக் கொன்றது. 1989 பிப்ரவரி 3, வெள்ளிக்கிழமை, கதவைச் சாத்தினார்கள். இருநூறுக்கும் மேற்பட்டோர் அன்றே வெளியே. பெரிய நிறுவனங்கள் மூடுவதற்கு 60 நாள் முன்னதாகத் தொழிலாளர்களுக்கு அறிவிக்க வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் நடைமுறைக்கு வந்தது பிப்ரவரி 4. மறுநாள்.

அந்தத் தேதிகளை முதன்முதலில் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 1998ல் சென்னையில் ஒரு நிறுவனத்தில் இடைப் படங்கள் வரையும் இன்-பிட்வீனராகச் சேர்ந்தேன். ஒரு படத்துக்கு இவ்வளவு என்று கூலி. வெளிநாட்டிலிருந்து எக்ஸ்-ஷீட் என்ற படவரிசைக் குறிப்பு வரும், யாருடைய கதை, எங்கே ஒளிபரப்பாகும் எதுவும் சொல்ல மாட்டார்கள். ஷைமர் தன் ஊரில் இருத்திக்கொள்ளப் பார்த்த அதே வேலை, அவருடைய ஸ்டுடியோ மூடிய பிறகு ஒருவழியாக எங்களிடம் வந்து சேர்ந்திருந்தது. ஒரு முயல் காது அசைப்பதை மட்டும் நான்கு மாதம் வரைந்தேன். தொடரைப் பிறகு கேபிளில் பார்த்தேன். கடைசிப் பட்டியலில் என் பெயர் இல்லை, நிறுவனத்தின் பெயரும் இல்லை. முயலின் காது மட்டும் அசைந்தது. ஒரு திங்கட்கிழமை போனால் வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை. வேலை வேறு நாட்டுக்குப் போய்விட்டதாம், அங்கே இன்னும் மலிவாம். மூன்று மாதச் சம்பள பாக்கி இன்றுவரை வரவில்லை. ஷைமர் எனக்கு ஒருநாளும் வேலை கொடுத்திருக்க மாட்டார். ஆனால் அன்று கேட்டுக்கு வெளியே பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்த எங்கள் எழுபது பேருக்கும் அவரைப் போல ஒரு முதலாளி இருந்திருக்கலாமே என்று இப்போது தோன்றுகிறது.

ஃபில்மேஷனின் 1970களின் தொடர்களை யூடியூபில் தேடிப் பாருங்கள். தயாரிப்பாளர்கள் பெயர் வரும் இடத்தில் ஷைமர், பிரெஸ்காட் என்ற இரண்டு பெயரும் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். யார் பெயர் முதலில் என்ற சண்டை வராமலிருக்க அப்படி வைத்தார்கள். முதலாளிகளுக்கே பெயர் என்றால் அவ்வளவு அக்கறை. ஷைமர் 2013 அக்டோபர் 17 அன்று, 85 வயது நிறைய இரண்டு நாள் இருக்கையில் காலமானார்.

இன்று இந்த மேடையில் உங்கள் பெயர்களை ஒவ்வொன்றாக, இனிஷியல் விடாமல் படித்தார்கள். இன்னும் சில வாரங்களில் உங்களில் பலர் கையில் முதல் வேலை ஒப்பந்தத்தைக் கொடுப்பார்கள். அதில் இரண்டு விஷயம் மட்டும் தேடிப் பாருங்கள்: டைட்டிலில் உங்கள் பெயர் வருமா, நிறுவனம் கை மாறினால் உங்கள் சம்பள பாக்கிக்கு யார் பொறுப்பு. இல்லாவிட்டால் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் உங்கள் ஆசிரியர்களிடம் என் போன் நம்பர் இருக்கிறது. வாங்கிக்கொண்டு எனக்குப் பேசுங்கள், உங்களோடு நானும் வந்து கேட்கிறேன்.