திருத்தும் கை யாருடையது?



பண்டிதர் அயோத்திதாசர் நினைவாகப் பேச அழைத்திருக்கிறீர்கள். அவருடைய பௌத்தம் பற்றியோ வரலாற்று எழுத்து பற்றியோ பேசுவதுதான் வழக்கம். நான் மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் தமிழ்ப் பாடவேளையில் செய்யும் இரண்டு வேலைகளைப் பற்றிப் பேசப்போகிறேன். ஒன்று, படித்ததைப் புரிந்துகொள்வது. இன்னொன்று, எழுதியதைத் திருத்துவது. பண்டிதரை விட்டு விலகிப் போவதாக நினைக்க வேண்டாம். அவரிடமே வந்து சேருவேன்.

முதலில் ஒரு சோதனை. இந்த வாக்கியத்தைக் கேளுங்கள்: "பளுங்கன் துமிரியை எடுத்துக்கொண்டு கெளுவுக்குள் போனான்." பளுங்கன் எதை எடுத்துக்கொண்டு போனான்? துமிரியை. எங்கே போனான்? கெளுவுக்குள். எல்லோருக்கும் இரண்டுக்கு இரண்டு மதிப்பெண். துமிரி என்றால் என்ன? கெளு எங்கே இருக்கிறது? யாருக்கும் தெரியாது. ஏனென்றால் அவை நான் இட்டுக்கட்டிய சொற்கள். ஒரு சொல்லும் புரியாமலே முழு மதிப்பெண் வாங்கிவிட்டோம். "பத்தியைப் படித்து விடையளி" என்ற பகுதியில் நம் பிள்ளைகள் பலரும் இப்படித்தான் தேறி வருகிறார்கள். கேள்வியில் இருக்கும் சொல்லைப் பத்தியில் தேடு. அதற்குப் பக்கத்தில் இருப்பதை எடுத்து எழுது. அதுவும் முடியாவிட்டால் கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுது.

படிப்பு ஏற்கெனவே இருக்கிற வீட்டில், மாலையில் யாராவது ஒருவர் "இதுக்கு என்ன அர்த்தம், சொல்லு" என்று கேட்பார். கரிமூட்டத்துக்கும் செங்கல் சூளைக்கும் நூற்பாலைக்கும் போய் இருட்டிய பிறகு திரும்புகிற வீட்டில் அப்படிக் கேட்க ஆள் இல்லை. அந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தை விட்டால் வேறு இடமில்லை. பள்ளிக்கூடத்திலோ பல ஊர்களில் ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள். பார்த்து எழுதச் சொல்வதும் சிவப்பு மையால் சுழிப்பதும் அவர்களுக்கு நேரத்தை மிச்சம் பண்ணும் வழி. அவர்களைக் குறைசொல்ல நான் வரவில்லை.

அரசு எதுவும் செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. கொரோனாவுக்குப் பிறகு 2021இல் இல்லம் தேடிக் கல்வி வந்தது. 8 வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளுக்கும் அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் 2025க்குள் வந்துவிட வேண்டும் என்று 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலைக்கேற்பப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நல்லது. ஆனால் எழுத்துக் கூட்டிப் படிப்பது வாசல்படிதான். உள்ளே போக வேண்டும். எழுதியிருப்பதை வாசித்து, "இது சரியா?" என்று கேட்கத் தெரிய வேண்டும்.

நமக்கு ஏன் இது இவ்வளவு அவசரம்? சட்டத்திலிருந்தே ஓர் உதாரணம் தருகிறேன். 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015இல் திருத்தம் வந்தது. 2016 ஜனவரி 26 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அதன் 4ஆம் பிரிவு, காவல் நிலைய அதிகாரியின் கடமைகளைச் சொல்கிறது. பாதிக்கப்பட்டவர் வாயால் சொன்ன புகாரை எழுதிக்கொண்டால், கையெழுத்து வாங்கும் முன் அதை அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். வாசித்துக் காட்டுவது எதற்காக? "நான் சொன்னது இதில்லை, மாத்துங்க" என்று சொல்வதற்காக. அப்படிச் சொல்லும் உரிமையை நாடாளுமன்றம் கொடுத்துவிட்டது. சொல்லும் பழக்கத்தை யார் கொடுப்பது? ஐந்து வருடம் தொடக்கப் பள்ளியில் ஒரு வாக்கியத்தைக்கூட மறுத்துப் பேசாமல் வளர்ந்தவர், காவல் நிலையத்தில் நின்று எந்த வாக்கியத்தை மறுப்பார்?

புரிந்து படிப்பதற்கு நான் நான்கே கேள்விகள் வைத்திருக்கிறேன். யார் செய்தது? யாருக்குச் செய்தது? எப்போது, எவ்வளவு? சொல்லாமல் விட்டது என்ன? இந்த நான்கையும் எட்டு வயதுப் பிள்ளை பிடித்துக்கொள்ளும். "கூலி கொடுக்கப்பட்டது" என்று ஒரு வாக்கியம். கொடுத்தது யார்? வாங்கியது யார்? எத்தனை ரூபாய்? எந்தக் கிழமை? மூன்றாம் வகுப்பில் இதை விளையாட்டாகவே கேட்கலாம். "ஆளைக் காணோம்" என்று விளையாட்டுக்குப் பெயர் வைத்துக்கொள்ளுங்கள். வாக்கியத்துக்குள் ஒளிந்திருக்கிற ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும்.

இலக்கணத்தில் இதைச் செயப்பாட்டு வினை என்கிறோம். பரீட்சைக்குச் செய்வினையைச் செயப்பாட்டு வினையாக மாற்றச் சொல்கிறோம். ஏன் ஒருவர் அப்படி மாற்றி எழுதுகிறார் என்று கேட்கச் சொல்வதில்லை. "ஒருவர் தாக்கப்பட்டார்." அடித்தவன் வாக்கியத்திலிருந்து தப்பித்துவிட்டான். "குடிசைகள் தீக்கிரையாயின." தாமாகவே பற்றிக்கொண்டது போல. "இரு தரப்பினரிடையே மோதல்." அடித்தவரும் அடிபட்டவரும் சமமாகிவிட்டார்கள். இங்கே இருக்கும் தோழர்களுக்கு இந்த வாக்கியங்கள் பழக்கம். நாம் முப்பது வயதில் கற்றுக்கொண்டதை ஒரு பிள்ளை எட்டு வயதில் கற்றுக்கொள்ள முடியும். அதற்குக் கலவரச் செய்தியெல்லாம் தேவையில்லை. "பானை உடைந்தது" போதும். யார் உடைத்தது?

அடுத்து, திருத்துதல். நான்காம் வகுப்புப் பிள்ளை ஒன்று இப்படி எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம்: "எங்கய்யா மூட்டம் போடப் போனாரு. ரெண்டு நாளா வரல. எங்கம்மா கம்மாக்கரைல நின்னு பாத்துக்கிட்டே இருந்துச்சு. எனக்கு பயமா இறுந்துச்சு."

சிவப்பு மை இதை இப்படி ஆக்கும்: "என் தந்தை வேலைக்குச் சென்றார். இரண்டு நாள்களாக வரவில்லை. என் தாய் ஏரிக்கரையில் நின்று பார்த்தார். எனக்குப் பயமாக இருந்தது."

என்ன நடந்தது பாருங்கள். இதில் உண்மையான எழுத்துப் பிழை ஒன்று உண்டு. சின்ன 'ரு' வர வேண்டிய இடத்தில் பெரிய 'று' போட்டிருக்கிறது. "எனக்குப்" என்று ஒற்று வர வேண்டும். இவற்றைத் தயவு தாட்சண்யம் பார்க்காமல் சொல்லிக்கொடுக்க வேண்டும். 'நம்ம பிள்ளைதானே, எப்படி எழுதினால் என்ன' என்று விட்டுவிடுவது அன்பு ஆகாது. அந்தப் பிள்ளையை வாசலிலேயே நிறுத்திவைப்பதற்குச் சமம். ஆனால் மற்றவை? மூட்டம் என்பது ஒரு தொழிலின் பெயர். சீமைக்கருவேல மரத்தை வெட்டி அடுக்கி, மண் பூசி, புகைய விட்டுக் கரியாக்குகிற வேலை. அது வெறும் 'வேலை' ஆகிவிட்டது. கம்மா, கண்மாய் ஆகியிருக்க வேண்டும். கண்மாய் நல்ல தமிழ்ச் சொல். வருவாய்த்துறைப் பதிவேட்டிலேயே இருக்கிறது. அதை ஏரி என்று மாற்றியது வேறு மாவட்டத்து வழக்கு. "பார்த்துக்கிட்டே" என்பதில் இருந்த ஏகாரம் போனதும் இரண்டு நாள் காத்திருப்பும் போய்விட்டது.

"அம்மா இருந்துச்சு" என்பதை அஃறிணை என்று சுழிப்பார்கள். நம் பக்கத்தில் பெற்ற தாயையும் பாட்டியையும் இப்படித்தான் சொல்கிறோம். அதில் மரியாதைக்குக் குறைவு எதுவும் இல்லை. அதைப் பிள்ளைக்குச் சொல்லிவிட்டு, "எழுத்துத் தமிழில் 'இருந்தார்' என்று வரும், இரண்டும் உனக்குத் தெரிந்திருக்கட்டும்" என்று சொன்னால் போதும். இல்லாவிட்டால் பிள்ளை தன் அம்மாவைப் பேசுகிற மொழியே தப்பு என்று எடுத்துக்கொள்ளும். நம் மாவட்டத்துப் புதுப்பட்டியில் பிறந்த பாமா, 1992இல் 'கருக்கு' நூலைத் தன் மக்களின் பேச்சு மொழியிலேயே எழுதினார். அவர் ஆசிரியராகவும் இருந்தவர். இலக்கணத் தமிழ் தெரியாமல் அப்படி எழுதவில்லை. இரண்டும் தெரிந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். நம் பிள்ளைகளுக்கு வேண்டியது அந்தத் தேர்வு.

இன்னும் ஓர் இடம் இருக்கிறது. நாம் படித்த பாடங்களை நினைத்துப் பாருங்கள். ஆசிரியர் வந்தார், மருத்துவர் வந்தார். உழவன் வந்தான், கூலிக்காரன் வந்தான். எழுபது வயது ஆனாலும் உழவன் 'வந்தான்'தான். ஊருக்குள்ளும் அதே இலக்கணம் நடந்தது. நாம் "அவுக வந்தாக" என்போம். நம் தாத்தாவை, அவர் பேரன் வயதுப் பையன் "வந்தான், போனான்" என்பான். ஒரு னகர மெய்க்கும் ஒரு ரகர மெய்க்கும் நடுவில் எத்தனை தலைமுறை! ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் ஒரு பழைய பாடத்தைக் கொடுத்து, எங்கெங்கே 'ன்' வருகிறது, எங்கெங்கே 'ர்' வருகிறது என்று கோடு போடச் சொல்லுங்கள். பிறகு, எதை மாற்றுவாய், ஏன் என்று கேளுங்கள். விகுதி பாடமும் முடிந்தது; சுயமரியாதைப் பாடமும் முடிந்தது.

இப்போது பண்டிதரிடம் வருகிறேன். 1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழைத் தொடங்கினார். ஒரு வருடத்தில் வாசகர்கள் கேட்டதற்கிணங்க 'தமிழன்' ஆக்கினார். தன் பத்திரிகையின் பெயரையே வாசகர் சொல்கேட்டுத் திருத்திய ஆசிரியர் அவர். திருக்குறளைத் 'திரிக்குறள்' என்று வாசித்தார். ஆத்திசூடியை 'ஆத்திச்சுவடி' என்று வாசித்தார். அந்த முடிவுகளை நீங்கள் ஏற்கலாம், மறுக்கலாம். அவர் கேட்ட கேள்வி முக்கியம்: இந்த எழுத்தை இங்கே வைத்தது யார்? எனக்குச் சொல்லப்பட்ட பொருளை நான் ஏன் அப்படியே வாங்கிக்கொள்ள வேண்டும்? அவருக்கு முன்பே, 1893இல், இரட்டைமலை சீனிவாசன் இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே எடுத்து 'பறையன்' என்று பத்திரிகைக்குத் தலைப்பாக வைத்தார். 1922இல், பள்ளி ஆசிரியராக இருந்து தலைவரான எம்.சி. ராஜா சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தால், அரசுப் பதிவேடுகளில் பழைய பெயர்களுக்குப் பதிலாக 'ஆதிதிராவிடர்' வந்தது. பதிவேட்டில் ஒரு சொல்லை அடித்து இன்னொரு சொல்லை எழுத வைத்தது, நம் வரலாற்றின் பெரிய பிழைதிருத்தம்.

ஆகவே மாணவர்களுக்கும் களத்தில் இருக்கும் தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம் காலனிகளில் மாலை வகுப்பு நடத்துகிறோம். அங்கே வீட்டுப்பாடம் முடித்துக் கொடுப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். வாரத்தில் இரண்டு நாள், முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள்.

முதல் நாள் வாசிப்பு. ஒரு பக்கக் கதை. வாசித்ததும் புத்தகத்தை மூடிவிட்டுப் பிள்ளை தன் வார்த்தையில் சொல்லட்டும். கேள்விகளை நீங்கள் கேட்காதீர்கள். பிள்ளையைக் கேட்கச் சொல்லுங்கள். கேள்வி கேட்கத் தெரிந்தால் புரிந்திருக்கிறது என்று பொருள். பிறகு ஐந்து வரி எழுதட்டும்.

இரண்டாம் நாள் திருத்தம். நடுவில் ஒரு ராத்திரி போகட்டும். மறுநாள் பார்த்தால் தன் எழுத்தே கொஞ்சம் அந்நியமாகத் தெரியும், பிழையும் தெரியும். எழுதியதைப் பக்கத்துப் பிள்ளைக்குச் சத்தமாக வாசித்துக் காட்டட்டும். கேட்ட பிள்ளை, தனக்குப் புரியாத ஓர் இடத்தைச் சொல்லட்டும். "மூட்டத்துக்குப் போனா ஏன் ரெண்டு நாளாகும்?" என்று கேட்டால் எழுதிய பிள்ளை ஒரு வரி சேர்க்கும். திருத்தம் என்றால் அடிப்பது என்று நினைத்திருந்த பிள்ளை, சேர்ப்பதும் திருத்தம்தான் என்று தெரிந்துகொள்ளும். நீங்கள் பிழையைச் சுழிக்க வேண்டாம். அந்த வரிக்கு நேராக ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும் வையுங்கள். பிழையைப் பிள்ளையே தேடட்டும். ஒரு வாரத்துக்கு ஒரு வகைப் பிழை போதும். இந்த வாரம் ர, ற. அடுத்த வாரம் ல, ள, ழ. பழைய பிரதியைக் கிழிக்காமல் இரண்டையும் சேர்த்து வையுங்கள். வருடக் கடைசியில் அந்தப் பிள்ளைக்கு அதைவிட நல்ல சான்றிதழ் கிடையாது.

வீட்டில் இருக்கிற காகிதங்களையும் கொண்டுவரச் சொல்லலாம். நூறு நாள் வேலை அட்டை, குழுக் கடன் புத்தகம், ரேஷன் ரசீது. ஆனால் எச்சரிக்கை வேண்டும். வீட்டின் கடனையும் கவலையையும் பத்து வயதுத் தலையில் ஏற்றிவிடக் கூடாது. நரிக்கதை வாசித்துச் சிரிப்பதும் அந்தப் பிள்ளையின் உரிமை.

கடைசியாக ஒன்று. நீங்கள் சொன்ன திருத்தத்தைப் பிள்ளை ஏற்க மறுத்தால் சந்தோஷப்படுங்கள். "ஏன்?" என்று மட்டும் கேளுங்கள். காரணம் சொல்லட்டும். காரணம் சரியென்றால், அந்த வாக்கியத்தை அப்படியே விட்டுவிடுங்கள்.