சர்க்கரை ஒட்டும் உடன்பிறப்புகள்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எப்படியும் ‘ஹெச்பிஏ1சி எவ்வளவு?’ என்பதில் வந்து நின்றுவிடுகிறது. பந்தியில் பாயசத்தைத் தள்ளி வைத்தவர்களை நானும் கவனித்தேன்! இரத்தத்திலுள்ள குளுக்கோஸ், ஹீமோகுளோபின் மேல் தானாகப் போய் ஒட்டிக்கொள்வதைத்தான் அந்தச் சோதனை அளக்கிறது. அதற்கு எந்த நொதியும் வேண்டாம். நான் சொல்ல வந்தது வேறு கதை. நம் செல்லுக்குள் நொதிகள் இடம் பார்த்து, வேண்டுமென்றே ஒட்டுகிற சர்க்கரை.

செல்லை விட்டு வெளியே போகும் புரதம் பெரும்பாலும் கோல்கி உறுப்பைக் கடந்துதான் போகும். அங்கே அதன் செரின், திரியோனின் அமினோ அமிலங்களின் மேல் ‘கால்நாக்’ என்ற சர்க்கரையை ஒட்ட ஒரு நொதிக் குடும்பமே காத்திருக்கிறது. மனிதரில் இக்குடும்பத்தில் 20 பேர். நம் எச்சிலின் வழவழப்புகூட இவர்கள் தொடங்கிவைத்த வேலைதான். ஏறக்குறைய எல்லோருக்கும் ஒரே தொழில் என்றால், எதற்கு இத்தனை பேர்? ஒருவர் போதாதா?

பல இடங்களில் ஒருவர் இல்லாவிட்டால் இன்னொருவர் பார்த்துக்கொள்கிறார், உண்மை. ஆனால் மூன்றாமவர், அதாவது கால்என்டி3, விஷயத்தில் அப்படி நடப்பதில்லை.

எலும்பு செல்கள் எஃப்ஜிஎஃப்23 என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. பாஸ்பேட்டை வெளியேற்றும்படி சிறுநீரகத்துக்குச் சொல்வது அதன் வேலை. அதன் 178-ஆவது இடத்தில் ஒரு திரியோனின். ஒட்டினாற்போல் 179-க்கும் 180-க்கும் நடுவே, ஃபியூரின் போன்ற நொதிகள் வெட்டும் இடம். மூன்றாமவர் 178-இல் சர்க்கரையை வைத்துவிட்டால் கத்தி நெருங்க முடியாது. வைக்காவிட்டால் ஹார்மோன் இரண்டு துண்டு!

இந்த மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதானால் என்ன ஆகும் என்பது 2004-இல் தெரியவந்தது. இரத்தத்தில் பாஸ்பேட் ஏறுகிறது. கால்சியத்தோடு சேர்ந்து இடுப்பு, தோள், முழங்கை மூட்டுகளின் அருகே கட்டிகட்டியாகப் படிகிறது. அறுத்து எடுத்தாலும் மறுபடி வரலாம். மற்ற உடன்பிறப்புகள் இருந்தும் இந்த ஒரு இடத்துக்கு உதவ ஆளில்லை.

மருத்துவத் துறைக்குப் போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். வெட்டுப்பட்ட துண்டையும் சேர்த்து எண்ணும் சோதனையில் இந்த நோயாளிக்கு ஹார்மோன் அதிகமென்று வரும். முழு ஹார்மோனை மட்டும் அளந்தால் குறைவாக இருக்கும். எந்தச் சோதனை என்று கேட்காமல் தாளை மட்டும் பார்த்தால் போச்சு!

உணவில் பாஸ்பேட்டைக் குறைப்பது, அது குடலில் சேராமல் தடுக்கும் மாத்திரை கொடுப்பது என்றுதான் சிகிச்சை பார்க்கிறார்கள். விட்டுப்போன அந்தச் சர்க்கரையை ஒட்ட மருந்து இல்லை. இருபது பேரில் யார் எந்தப் புரதத்துக்குக் காவல் என்ற பட்டியலும் இன்னும் முழுமையாக நிரம்பவில்லை. உயிர்வேதியியல் படிக்கும் தம்பி, தங்கைகள் தேநீர் நேரத்தில் என்னிடம் வாருங்கள், விரிவாகப் பேசலாம்.